ஐம்பத்து மூன்று ஓம்

தலையைத் தூக்கியபடியே நின்றுவிட்டது அந்தப் புழு, நன்றாகப் பழுத்து, உடம்பெல்லாம் மஞ்சளோடி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டின் இரண்டு வளையங்களுக்கு நடுவே நாலைந்து இழை இழுத்துக் கட்டியதோடு சரி, அதற்கு மேல் ஒரு அசைவும் இல்லை, பக்கத்துப் புழுவும் அப்படியே, அடுத்த தட்டிலும் அப்படியே, புழு மனை முழுக்க ஆயிரக்கணக்கான தலைகள் தூக்கியது தூக்கியபடி காத்திருக்கின்றன, எதற்கு என்று நாகவேணிக்குத் தெரியும், சூட்டுக்கு, பட்டுப்புழு பழுத்துவிட்டால் கூடு கட்டியாக வேண்டும், குளிர் பிடித்தால் கட்டாது, கட்டாவிட்டால் நூல் உடம்புக்குள்ளேயே கெட்டியாகிப் புழு சாகும், இத்தனை நாள் தழை வெட்டிப் போட்டுப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்ததெல்லாம் குப்பைக்குழிக்குப் போகும். வெளியே மார்கழித் தூறல், காலையில் தொடங்கியது, பெரிதாகவும் இல்லை, நிற்கவும் இல்லை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மழைக்கு என்றைக்கும் இந்த இழுபறிக் குணம்தான், சுவரில் தெர்மாமீட்டர் பதினெட்டில் நிற்கிறது, குறைந்தது இருபத்து நாலு வேண்டும், தரையில் இரண்டு காயில் ஹீட்டர்கள், பரணில் கிடந்தவை, மதியச் சோற்றைக்கூட மறந்துவிட்டு அவள் இறக்கித் துடைத்துச் சொருகினாள், சொருகி இவ்வளவு நேரம் ஆகியும் கம்பி சிவக்கவில்லை, கறுப்பாகவே கிடக்கிறது, கையை அருகில் கொண்டுபோனால் காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்கு ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

வாசலில் முனிராசு, கொழுந்தன், தலையில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு கையில் கும்மட்டி அடுப்பும் இன்னொரு கையில் கரி மூட்டையுமாக வந்து நிற்கிறான், பீடியை வெளியிலேயே எறிந்தான், சுண்ணாம்புத் தண்ணீரில் காலையும் கையையும் கழுவினான், பீடி நாற்றத்துக்கே புழு சாகும், அந்த ஒழுங்கெல்லாம் அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கும்மட்டியை வாசற்படிக்கு உள்ளே வைக்கப் போனபோது நாகவேணி காலை நீட்டி மறித்தாள், அது உள்ள வராது தம்பி என்றாள், அவன் அவளையும் பார்த்தான், கறுத்துக் கிடந்த ஹீட்டர்களையும் பார்த்தான், ஹீட்டரு ஆவாதுன்னு அண்ணன் அப்பவே போட்டுப் பாத்துட்டாரே அண்ணி, மறுபடி அதையே போட்டுக்கினு ஒக்காந்திருக்கறீங்களே, புழுவப் பாருங்க, பொழுது சாஞ்சா இன்னும் குளிரும், அத்தினியும் போயிடும், என்றான், ஆமாம், ஹீட்டரு ஆவலன்னுதான் உங்கண்ணன் கும்மட்டிய வச்சாரு, வச்சவரு எங்க இருக்காரு இப்ப, என்று கேட்டாள், கேட்டபோது குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், இதே மார்கழி, இதே மனை, அவள் தாய் வீட்டில், அம்மாவுக்கு முடியவில்லை என்று போயிருந்தாள், புருஷன் மாதேசன் குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக் கும்மட்டியைப் பற்றவைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்தான், விடிந்தபோது எழுந்திருக்கவில்லை, கரி எரியும்போது வருகிற நஞ்சுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், புழுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை அழகாகக் கூடு கட்டி முடித்தன, வெள்ளை வெளேர் என்று, அந்தக் கூடுகளின் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை. துக்கம் கேட்க வந்த ஊர் மொத்தமும் ஒரே பாட்டைத்தான் பாடியது, பாவம், ஹீட்டரு ஆவல, வேற என்ன பண்ணுவான், கடைசி லைன் நமக்கு, கரண்டு எங்க ஒழுங்கா வருது, என்று, அவளும் தலையாட்டினாள், தலையாட்டாமல் வேறென்ன செய்வாள், அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம் புழு முட்டை வாங்கவே இல்லை, இந்த வருடம்தான் துணிந்தாள், துணிந்தபோதே முடிவு செய்துவிட்டாள், இந்த மனைக்குள் இனிமேல் கரி எரியக்கூடாது, யார் சொன்னாலும் சரி.

ஜன்னல் ஒண்ணத் தெறந்து வச்சுக்கறன் அண்ணி, நானு முழிச்சுக்கினே இருக்கறன், என்று முனிராசு தாழ்ந்து வந்தான், அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது எவ்வளவு நேரம் முழிப்பான் என்று, முந்தின நாளிலிருந்து பழுத்த புழுவைப் பொறுக்கித் தட்டில் விடுகிற வேலை, இரண்டு பேரும் கண்ணை மூடவில்லை, குளிரில் நடுங்கிக்கொண்டு நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது, ஜன்னலைத் திறந்து வைப்பான், சூடு வெளியே போகிறதே என்று அவனே எழுந்து சாத்துவான், மாதேசனும் முட்டாள் இல்லை, அவனும் இப்படித்தான் நினைத்திருப்பான். வெளக்கு வைக்கிற வரைக்கும் பாக்கறன், அதுக்கப்புறம் நீங்க மறிச்சாலும் நிக்க மாட்டன், என்று சொல்லிவிட்டுக் கும்மட்டியைப் படிக்கு வெளியிலும் கரி மூட்டையைப் படிக்கு உள்ளேயுமாக வைத்து, அதிலும் ஒரு வீம்பு, சுவரோரம் குந்தினான். புழுவையும் விடமாட்டேன், இவனையும் விடமாட்டேன், என்று நாகவேணி பல்லைக் கடித்துக்கொண்டு ஹீட்டர்களின் முன் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபோதுதான் அந்த வயரைப் பார்த்தாள்.

இரண்டு ஹீட்டருக்கும் ஒரே பிளக், அதை மதியமே கவனித்தாள், மனையில் இருக்கிற ஒரே பாயின்ட்டுக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று அப்போது விட்டுவிட்டாள், இப்போது கறுப்பு டேப் சுற்றிய இரண்டு முடிச்சுகளை விரலால் தடவுகிறாள், டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றிக் கடைசி நுனியைப் பல்லால் கடித்த கடி, மாதேசன் கைதான், சொட்டுநீர்க் குழாயில் எங்கே ஒழுகினாலும் இப்படித்தான் சுற்றிக் கடிப்பான், பிளாஸ்டிக்கை வாயில வைக்காதீங்க என்று எத்தனை தடவை சொன்னாள், அவன் சிரிப்பான், அந்தக் கடி இங்கே இருக்கிறது, கடித்தவன் இல்லை, அவன் இறந்த அன்று யாரோ இதை இப்படியே தூக்கிப் பரணில் போட்டிருக்கிறார்கள், அவனுடைய கடைசி வேலை இது. முதல் ஹீட்டரின் வயரில் ஒரு இழையை மட்டும் நடுவில் வெட்டி, வெட்டிய இடைவெளியில் இரண்டாவது ஹீட்டரைக் கொண்டுவந்து நுழைத்திருக்கிறான், குழாய் எட்டவில்லை என்றால் நடுவில் வெட்டி இன்னொரு துண்டைச் சேர்ப்பானே அதே மாதிரி, குழாய் வேலையைத் தவிர வேறு வேலை பழகாத கை, வயரைக் கண்டாலும் குழாயாகத்தான் பார்க்கும், அவள் முடிச்சைப் பிடித்தபடியே முனிராசைக் கூப்பிட்டு, உன் மோட்டார் பாக்கற மீட்டர எடுத்தா, அப்படியே கட்டிங் பிளேயரும், என்றாள், அவன் அவள் முகத்தைப் பார்த்து எழுந்து போனான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரின் இரண்டு ஊசியையும் முதல் ஹீட்டரின் இரண்டு முனையில் வைக்கிறாள், ஐம்பத்து மூன்று, அந்த எண்ணைப் பார்த்ததும் ஓசூர் கம்பெனி வந்துவிட்டது, கல்யாணத்துக்கு முன் அங்கே வேலை, இஸ்திரிப் பெட்டிக்கான கம்பித் தட்டுகள் பெல்ட்டில் ஊர்ந்து வரும், ஊசியால் தொடு, ஐம்பத்து மூன்று ஓம் காட்டினால் பச்சைக் கூடை, முன்னே பின்னே போனால் சிவப்புக் கூடை, தொடு, போடு, தொடு, போடு, ராத்திரிக் கனவிலும் கை அதையே செய்யும், ஏன் ஐம்பத்து மூன்று, ஐம்பது என்று வைத்தால் என்ன குறைந்துபோகும், என்று யாரையும் கேட்டதில்லை, பள்ளிக்கூடத்திலோ வேறு பாட்டு, மின்னழுத்தத்தை அதே மின்னழுத்தத்தால் பெருக்கு, தடையால் வகு, வருவது திறன், மனப்பாடம் செய்து ஒப்பித்து மார்க் வாங்கியதோடு சரி, பள்ளிக்கூடப் பாட்டும் கம்பெனிக் கூடையும் அவளுக்குள் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, இன்றைக்கு, இந்தத் தூறலில், கரி மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவி வெள்ளையடித்த சுவரில் அவள் எழுதுகிறாள், இருநூற்று முப்பதை இருநூற்று முப்பதால் பெருக்கினால் ஐம்பத்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், ஐம்பத்து மூன்றால் வகுத்தால் ஆயிரத்துக்கு இரண்டு குறைவு, ஹீட்டரின் அடியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருப்பது இதுதான், பச்சைக் கூடை இதற்குத்தான். ஹீட்டரு நல்ல ஹீட்டருதான் தம்பி, என்றாள் திரும்பாமலே, முனிராசு சுவரைப் பார்த்தான், சொவத்துல எழுதினா குளிர் போயிடுமா அண்ணி என்றான், கிண்டல் பாதி பயம் பாதி.

பாயின்ட்டில் ஊசியைச் செருகினால் நூற்று அறுபது வோல்ட், இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில், கடைசி லைன், போதாக்குறைக்குக் குளிர் என்றால் ஊரில் எல்லா மனையிலும் ஹீட்டர், குளிரக் குளிர ஹீட்டர் கூடும், ஹீட்டர் கூடக் கூட அழுத்தம் குறையும், தலைக்கு மேல் குண்டு பல்புகூட நாரத்தம்பழ நிறத்தில்தான் எரிகிறது, சரி, நூற்று அறுபது என்றால் நூற்று அறுபது, அதை அதனாலேயே பெருக்கு, இருபத்தைந்தாயிரத்து அறுநூறு, அவள் விரல் கறுப்பாகிக்கொண்டே வருகிறது, மாதேசன் போட்ட இணைப்பில் கரண்டு முதல் ஹீட்டருக்குள் புகுந்து, வெளியே வந்து, இரண்டாவதற்குள் புகுந்து, அப்புறம்தான் வீடு திரும்புகிறது, தடையோடு தடை சேர்கிறது, ஐம்பத்து மூன்றும் ஐம்பத்து மூன்றும் நூற்று ஆறு, வகு, இருநூற்று நாற்பத்தொன்று, இரண்டு ஹீட்டரும் சேர்ந்து இருநூற்று நாற்பத்தொன்றுதான், ஒன்று மட்டும் தனியாக எரிந்தால் எவ்வளவு, வகு, நானூற்று எண்பத்து மூன்று, ஒருவன் செய்கிற வேலையில் பாதியை இரண்டு பேர் சேர்ந்து செய்வது, ஊர்க்கூட்டம் மாதிரி, சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை, கரித்துண்டு சுவரிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் தனித்தனி வழி கொடுத்தால், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், இரண்டு வழியில் கரண்டு போகும், தடை பாதியாகும், இருபத்தாறரை, வகு, மெதுவாக வகு, தப்பு வரக்கூடாது, தொள்ளாயிரத்து அறுபத்தாறு, இன்னொரு தடவை வகுத்தாள், அதே தொள்ளாயிரத்து அறுபத்தாறு, இதே கரண்டில், இதே கடைசி லைனில், இதே இரண்டு ஹீட்டரில், நாலு பங்குச் சூடு, அன்றைக்கும் அது இருந்தது, இந்த மனைக்குள்ளேயே இருந்தது.

இவ்வளவுதானா, என்று அவளுக்கு வாய்விட்டே வந்துவிட்டது, ஹீட்டர் கைவிடவில்லை, லைன் கைவிடவில்லை, ஒரு முடிச்சு, இடம் மாறிப் போட்ட ஒரு முடிச்சு, அதனால் கம்பி சிவக்கவில்லை, சிவக்காததால் ஹீட்டர் ஆகாது என்று நினைத்தான், நினைத்ததால் கும்மட்டி, சுவர் மங்குகிறது, எண்கள் கலங்குகின்றன, பெல்ட் ஊர்கிறது, கம்பித் தட்டுகளுக்குப் பதில் சந்திரிகைகள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் புழு தலையைத் தூக்கிக்கொண்டு, பச்சைக் கூடையா சிவப்புக் கூடையா என்று கேட்டுக்கொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு மாதேசன் வருகிறான், நனைந்திருக்கிறான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தி, கொழாயோட கொழாயச் சேத்தா தண்ணி தூரம் போவுமில்ல வேணி, அதான் சேத்தன், என்கிறான், தூரம் போவும், நுனியில வேகம் இருக்குமாங்க, நீளம் கூடினா நுனியில சொட்டத்தானே செய்யும், அது உங்களுக்குத் தெரியாததா, ரெண்டு பாத்திக்கும் தனித்தனியா வாய் விட்டாத்தானே ரெண்டும் நெறையும், என்கிறாள், அவன் தலையைச் சொறிகிறான், அட ஆமாம், என்கிறான், சின்னப் பிள்ளை முகம், அந்த முகத்தின் மேல் அவளால் கோபப்பட முடியவில்லை, கட்டிக்கொள்ளத்தான் தோன்றுகிறது, கையை நீட்டினால் கையில் கட்டிங் பிளேயர் இருக்கிறது, பக்கத்தில் குந்தியிருப்பது முனிராசு, அண்ணி, அண்ணி, என்னாச்சு, என்று கேட்கிறான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கன்னத்தில் கரி அப்பிக்கொண்டது, உங்கண்ணன் தப்பா சேத்துட்டாரு தம்பி, ஹீட்டர் மேல குத்தமில்ல, என்று மட்டும் சொன்னாள், அவன் வயரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கணக்கு அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ அவள் சொன்னது புரிந்தது, முகம் செத்துப்போயிற்று, அப்ப அண்ணன், என்று தொடங்கியவன் படிக்கு வெளியே இருந்த கும்மட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முடிச்சைப் பிடித்தாள், மாதேசன் பல் பட்ட நுனி, இதை இப்படியே எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் மனசு தடுமாறியது, பிளேயரின் வாய் திறந்தபடி நின்றது, புழுக்கள் தலையைத் தூக்கியபடி நின்றன, வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, வெட்டினாள், இன்னொரு முடிச்சையும் வெட்டினாள், முதல் ஹீட்டரின் இழையை அதனோடு அதுவாகவே முறுக்கி டேப் சுற்றினாள், நுனியைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் நறுக்கினாள், இரண்டாவதுக்குத் தனி பிளக் போட்டாள், வீட்டுல கிரைண்டர் சொருகற பெரிய பாயின்ட்லேர்ந்து இதுக்கு லைன் இழுக்கணும், இங்க இருக்கற ஒரு பாயின்ட்டு ரெண்டையும் தாங்காது, மெலிசு வயரும் ஆவாது, வழியிலேயே சூடு போயிடும், என்றாள், பழைய மோட்டார் கேபிளு கெடக்குது அண்ணி என்று அவன் ஓடினான், மழையில் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தவன் ஜன்னல் கம்பி வழியாக அதை உள்ளே விட்டான், கும்மட்டியை எட்டிக் கடந்து போகும்போது காலால் ஓரமாகத் தள்ளிவிட்டான், வேண்டுமென்றே தள்ளினானா தெரியாது. அழுத்தம் திரும்பி வந்தா ரெண்டாயிரம் வாட் ஆயிடும், புழு வெந்துடும், அப்ப ஒண்ணப் புடுங்கணும், நான் மீட்டர்கிட்டயே இருக்கறன், என்றாள், ஒன்றைச் சொருகினாள், இன்னொன்றைச் சொருகு என்று கத்தினாள், வீட்டுக்குள்ளிருந்து சொருகிட்டன் என்று அவன் குரல் வந்தது.

முதலில் ஒன்றுமில்லை, கருகிய தூசி வாசம் மட்டும், பிறகு வளைவின் அடியில் மங்கலாக ஒரு சிவப்பு, அது மெல்ல ஊர்ந்து சுருள் முழுக்கப் போயிற்று, பக்கத்து ஹீட்டரிலும் அதே சிவப்பு, இரண்டும் சமமாக, சூடு முழங்காலுக்கு வந்தது, மடிக்கு வந்தது, மேலே காற்றுப் போக்கியை ஒரு கை அகலம் திறந்தே வைத்தாள், எரிகிறது எதுவும் இல்லை என்றாலும் திறந்தே வைத்தாள், தெர்மாமீட்டர் பத்தொன்பதில் வெகுநேரம் மல்லுக்கு நின்றது, இருபது, இருபத்தொன்று, அவள் ஒரே ஒரு புழுவைப் பிடித்துவைத்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள், வாசல் தட்டில் இருந்த ஒன்று, அசையடி, அசை, என்று வாய் முணுமுணுத்தது, இருபத்து மூன்றில் அதன் தலை இடப்பக்கம் சாய்ந்தது, ஏதோ ஞாபகம் வந்தாற்போல் நின்றது, பிறகு வலப்பக்கம், மறுபடி இடம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு இழை அதன் பின்னால் போயிற்று, அடுத்ததும் சாய்ந்தது, தட்டு முழுக்கச் சாய்ந்தது, மனை முழுக்கத் தலைகள் ஆடத் தொடங்கின, தம்பி, பாரு, கட்டுது, என்று அவள் திரும்பினாள்.

முனிராசு எப்போதோ வந்து சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான், கரி மூட்டையில் தலை சாய்ந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, அண்ணனின் அதே நெற்றி, அதே காது, மனை வெதுவெதுவென்று இருக்கிறது, அன்றைக்கும் இப்படித்தான் வெதுவெதுவென்று இருந்தது, தாய் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கி ஓடிவந்து கதவைத் தள்ளினாள், புழுக்கள் கட்டிக்கொண்டிருந்தன, அவன் கோணி மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தான், ஏங்க என்றாள், ஏங்க எந்திரிங்க என்றாள், தோளைப் பிடித்து உலுக்கினாள், கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத பெயரை, கட்டியவள் சொல்லக்கூடாத பெயரை, மாதேசா, என்று ஊரே கேட்கக் கத்தினாள், மாதேசா, மாதேசா, இன்றைக்கு இது கரி இல்லை, எதுவும் எரியவில்லை, காற்றுப் போக்கி திறந்திருக்கிறது, எல்லாம் தெரியும், கணக்கு சுவரில் இருக்கிறது, தெரிந்தும் கிட்டத்தில் போய்க் குனிகிறாள், இவன் மார்பு ஏறுகிறதா இல்லையா என்று இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை, முனிராசு, என்றாள், பதில் இல்லை, முனிராசு, என்று தோளைப் பிடித்து உலுக்கினாள், முனிராசு.

ம், என்றான் அவன், என்ன அண்ணி, எரிச்சலோடு, கண்ணைத் திறக்காமலே, கட்டுதா.

அவள் அவன் தோளிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டுது, என்றாள், நீ தூங்கு தம்பி.